எழுத்தறியாதார்க்கு என்ன பெயர்?

ஆங்கிலத்தில் 'அன்லெட்டர்ட்' என்றொரு பெயரடை உண்டு. அன்றாடப் பேச்சில் அது அருகியே வழங்கும். 'லெட்டர்' என்பது எழுத்து. 'லெட்டர்ஸ்' என்பது இலக்கியமும் நூற்கல்வியும். ஆகவே எழுத்தறியாமை, நூற்பயிற்சியின்மை ஆகிய இரண்டையும் அச்சொல் சுட்டும். அதனை வசையென்றே கொள்வது பிழை. தாமஸ் கிரே 1751-இல் வெளியிட்ட கையறுநிலைப் பாட்டில், சிற்றூர்க் கல்லறைகளில் பெயரும் ஆண்டும் பொறித்த நாட்டுப்புறக் கலைமகளுக்கு இவ்வடையைச் சூட்டினார். ஆங்கே ஏளனம் இல்லை, பரிவே உண்டு.

இதனைத் தமிழாக்குவோர்க்கு எளிதிற் கிட்டுவன மூன்று சொற்கள்: பாமர, தற்குறி, கல்லாத. 'பாமரர்' வடசொல், வடமொழியில் இழிந்தோன், மூடன் என்னும் பொருளது. தமிழில் அது பொதுமக்களைக் குறிக்குமளவு மென்மையுற்றதாயினும், மேலிருந்து கீழ்நோக்கும் பார்வை முற்றும் நீங்கவில்லை. 'தற்குறி' என்பது கையெழுத்திட அறியாதவர் பத்திரத்தில் இடும் குறி. அக்குறியின் பெயர் இட்டவருக்கே ஆகிவந்து, நாளடைவில் வசையுமாயிற்று.

'கல்லாத' என்பதோ கல்லாமையைக் கல்லாதவர் செயலாகவே காட்டுகிறது. கற்பிப்பார் இல்லாத குறையைச் சொல்வதில்லை. மேலும், கல்லாமையைக் கடிந்த வள்ளுவர் அடுத்த அதிகாரத்திலேயே கேள்வியை வைத்து, கல்லாதவனும் கேட்டறிக என்கிறார். எழுத்தின் வழியன்றிச் செவியின் வழியும் அறிவு வரும் என்பது இதனாற் பெறப்படும்.

சிங்கப்பூரில் இவ்வேறுபாடு வெறும் அகராதிச் செய்தியன்று. துறைமுகத்திலும் நகராட்சிப் பணிகளிலும் உழைத்த முன்னோருள் எழுத்து வாய்க்காதவர் பலர். அவர் வரலாற்றை எழுதுவோர் 'தற்குறிகள்' என்று எழுதின், பள்ளி எட்டாத குறையை அவர்தம் அறிவின் குறையாக்கிவிடுவர்.

இன்று இந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழ் தாய்மொழிப் பாடம். பட்டம் பெற்றும் சிராங்கூன் சாலைக் கடையின் தமிழ்ப் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாத தமிழர், தமிழைப் பொறுத்தவரை எழுத்தறியாதவரே. எனினும் அவரைத் தற்குறி என்பார் எவருமிலர். எனவே அச்சொல் அளப்பது எழுத்தறிவை அன்று; ஒருவரது நிலையையே ஆகும்.

மாணவர்க்கு இச்சொல்லைப் பயிற்றும் ஆசிரியர், இடம் நோக்கிப் பொருள் தருதல் வேண்டும். எழுத்தைக் குறித்தவழி 'எழுத்தறியாத' என்றும், இலக்கியத்தைக் குறித்தவழி 'நூற்பயிற்சியில்லாத' என்றும், வாய்ப்பின்மையைக் குறித்தவழி 'எழுத்து வாய்க்காத' என்றும் கூறலாம். சொல் சற்றே நீளினும் நீளுக. பழி அதற்குரியார் அல்லாதார் மேல் விழாது.