தீயைப் பார்த்தவரும் சாரத்தைப் பார்த்தவரும்

ரப்பர் தோட்டக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு குறை தட்டும். என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இங்கிலாந்தின் பழைய இரும்பாலை வட்டாரம் ஒன்றை வரைந்த இரண்டு ஓவியங்களைப் பார்த்த பிறகுதான் அது பிடிபட்டது.

ஊர் கோல்புரூக்டேல். 1709-இல் ஆபிரகாம் டார்பி அங்கே மரக்கரிக்குப் பதிலாக கோக் எனப்படும் சுட்ட நிலக்கரியைப் போட்டு இரும்பை உருக்கினார். அவர் அங்கே வார்த்து விற்றவை பெரும்பாலும் சமையல் பானைகள். அவருடைய பேரன் காலத்தில், 1779-இல், பக்கத்து செவெர்ன் ஆற்றின் மேல் வார்ப்பிரும்புப் பாலம் எழுந்தது.

முதல் ஓவியம் எல்லாருக்கும் தெரிந்தது. டி லூத்தர்பர்க் 1801-இல் வரைந்த ‘இரவில் கோல்புரூக்டேல்’. உலைத்தீயில் வானமே பற்றி எரிகிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் நிலா, கீழே வண்டியிழுக்கும் குதிரைகள். மனிதர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லண்டன் நாடக அரங்குக்குக் காட்சி அமைத்தவர் அவர். அந்தப் பழக்கம் இங்கேயும் தெரிகிறது. இன்னொன்று, படத்தில் இருப்பது கோல்புரூக்டேல் உலையே இல்லை. கொஞ்ச தூரத்தில் இருந்த பெட்லம் உலைகள். தீ அழகாக இருந்தால் போதும், எந்த உலை என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டாவது, ஸ்வீடன்காரர் எலியாஸ் மார்ட்டினின் சின்ன நீர்வண்ணப் படம். பாலம் பாதி கட்டியிருக்கும்போது வரைந்தது. 1997-இல்தான் ஸ்டாக்ஹோமில் கண்டெடுத்தார்கள். ஆற்றுக்குள் நட்ட மரச்சாரம், அதை வைத்துத் தூக்கி நிறுத்தும் இரும்பு விலா, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாலத்தை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்ற நெடுநாள் கேள்விக்கு இந்தப் படம்தான் வழி காட்டியது. பிறகு அதே முறையில் பாதி அளவில் ஒரு பாலத்தைக் கட்டியும் பார்த்தார்கள்.

ஓவியமாக லூத்தர்பர்க்தான் பெரியவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் படத்தை வைத்து ஓர் ஆணியைக்கூட அடிக்க முடியாது.

மண்மூடிக் கிடந்த டார்பியின் உலையை 1959-இல் தோண்டி எடுத்தார்கள். இன்று கூரை போட்டுக் காக்கிறார்கள். 1986-இல் அந்தப் பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியத் தலமானது. உலையின் இரும்பு உத்தரத்தில் பேரன் டார்பியின் பெயரும் 1777 என்ற ஆண்டும் இருக்கின்றன. கரி கொட்டியவன் பெயர் இல்லை. கல்லையும் இரும்பையும் காப்பாற்றலாம். வேலை செய்த கையை யாராவது பார்த்து வைத்திருந்தால்தான் உண்டு.

நம் தோட்டக் கதைகளில் லூத்தர்பர்க்குகள் அதிகம். விடியற்காலைப் பனி, பேரட்டுக்களத்தில் அழுகை, கங்காணியின் அதட்டல். எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் எப்படிச் சீவினார்கள் என்று எந்தக் கதையிலாவது படித்தோமா?

என் பாட்டி மரம் வெட்டியவர். இந்தக் கேள்வியைக் கேட்டதும் சமையல் கத்தியை எடுத்து, காற்றிலேயே சாய்த்துக் காட்டினார். “அழுத்தாதய்யா, இழுக்கணும்” என்றார். மணிக்கட்டு மட்டும் அசைந்தது. அவருக்கு வயது எண்பத்திரண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அடுத்த கதையை எழுத உட்காருவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள்.