சூசாவின் சிலுவை

கிள்ளான் நகரிலே தெங்கு கிளானா வீதியில் நிற்கும் லூர்து மாதா ஆலயத்தை நம் நேயர்களிற் பலர் கண்டிருப்பர். அது 1928-ஆம் ஆண்டில் எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் செபமாலை மாதா ஆலயம் அதனினும் மூத்தது. இரண்டும் கூர்நுனி வளைவுகளையுடைய காதிக் முறைக் கட்டடங்கள். ஆயினும் இத்தகைய கோயில்களுட் புகுந்து சுரூபங்களை நோக்குவார்க்கு வேறொரு காலத்தின் கைவண்ணம் புலப்படும். மேல்நோக்கிய விழி, காற்றில் அலையும் அங்கி, பொன்முலாம், காயத்தினின்றும் அளவோடு வழியும் குருதி ஆகிய இவை பாரோக் என்னும் கலைமுறை உலகிற்கு விட்டுச்சென்ற சொத்து. தோட்டத்து லயன் வீட்டிலே, காலண்டரிலிருந்து கத்தரித்துச் சுவரில் ஒட்டிய திரு இருதயப் படம் வரையில் அச்சொத்தின் சில்லறை வந்து சேர்ந்திருக்கிறது.

பாரோக் கலை தானே முளைத்த செடியன்று. லூத்தர் முதலியோர் ரோமாபுரித் திருச்சபையை எதிர்த்துக் கிளம்பிய பின்னர், அச்சபையார் திரெந்து நகரில் கூட்டிய பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் படங்களைக் குறித்து ஒரு தீர்மானம் செய்தது. படங்கள் மக்களுக்குப் போதனை செய்யவும் அவர்களிடத்தே பக்தியை எழுப்பவும் வேண்டும் என்பது அதன் சாரம். பின்வந்த நூற்றாண்டின் சிற்பிகளும் சித்திரக்காரரும் அவ்வேலையை வியக்கத்தக்க திறமையோடு செய்தனர். கரவாஜியோ என்பார், மாதாவின் முன் மண்டியிட்ட ஏழை யாத்திரிகரின் அழுக்கேறிய பாதங்களைப் பார்ப்போர் முகத்துக்கு நேரே இருக்குமாறு எழுதினார். விடியுமுன் பால்மரக் காட்டில் நடந்து பழகிய கால்களையுடையார் அப்படத்தின் பொருளை உடனே அறிந்துகொள்வர். ஆனால் பெரும்பான்மையோர் சென்ற வழி அதுவன்று. அம்பு தைத்த உடலும் அவர்கள் கையில் மெருகேறிற்று. வேதனை காண்பதற்கு இனியதாயிற்று. கண்டவன் கண்ணீர் விட்டான். அடித்தவன் யார் என்று கேட்க மறந்தான்.

இக்கலை கீழ்நாட்டுக்கு வந்த பாதையில் நம் மலாக்காவும் ஒரு துறை. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டு செய்த பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் மலாக்காவில் வந்திறங்கினார். 1552-இல் சீனக் கரையருகே இறந்த அவருடைய உடல், கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுமுன், மலாக்காக் குன்றின்மீதுள்ள ஆலயத்திற் சில மாதம் வைக்கப்பட்டிருந்தது. பிற்பாடு கோவாவின் பொம் ஜேசு ஆலயத்தில் அவ்வுடலுக்கு வெள்ளிப் பேழையும், பிளாரன்சு நகரச் சிற்பி பொஜ்ஜினி சமைத்த சலவைக்கல் மேடையும் அமைந்தன. செம்படவர் குடிசைகளிலே திரிந்த ஒருவருக்குச் சலவைக்கல் மேடை! அது நிற்க.

அந்தக் கோவாவில், சாலிகாவ் என்னும் சிற்றூரில், 1924-இல் பிறந்தவரே பிரான்சிஸ் நியூட்டன் சூசா. பிறந்த சில மாதங்களில் தந்தையை இழந்தார். குழந்தைக்குப் பெரியம்மை கண்டபோது தாயார் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார், பிள்ளை பிழைத்தது, பிரான்சிஸ் என்னும் பெயரும் சேர்ந்தது. தாயார் பம்பாயில் தையல் வேலை செய்து மகனை வளர்த்தார். மகனோ, ஆபாசப் படம் வரைந்தார் என்ற குற்றத்திற்காகப் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். பின்னர் ஜே. ஜே. கலைப்பள்ளியிலே சேர்ந்து, தேசியக் கிளர்ச்சியில் ஈடுபட்டமையால் 1945-இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். ஆகவே அவர் முறையான கல்வி பாதியில் நின்றது. எஞ்சியதைத் தாமே கற்றுக்கொண்டார். 1947-இல் அவர் தோழர்களுடன் நிறுவிய முற்போக்கு ஓவியர் குழுவில் ஆரா என்பவரும் ஒருவர். ஆராவோ மோட்டார் வண்டி கழுவிப் பிழைத்துக்கொண்டே தாமாகச் சித்திரம் பயின்றவர். பட்டம் பெற்றோரே கலையறிவர் என்றெண்ணும் நம் நகரத்துக் கனவான்கள் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

சூசாவுக்கு உண்மையான பள்ளிக்கூடம் ஊர்க்கோயிலே. தம்மைக் கவர்ந்தவை திருச்சபையின் கோட்பாடுகள் அல்ல, அதன் மாபெரும் கட்டடங்களும் வழிபாட்டின் பகட்டுமே என்னும் கருத்துப்பட அவர் எழுதியிருக்கிறார். பொன்னும் வண்ணமும் பூசிய மரச் சுரூபங்களும், முள்முடியிற் சிக்கிய சடைமுடியுடன் இரத்தம் சொட்டத் தொங்கும் உருவமும் சிறுவயதிலேயே அவர் உள்ளத்தில் பதிந்துவிட்டன. கோட்பாடு உதிர்ந்தது, உருவம் உதிரவில்லை. அவருடைய படைப்புக்களின் வலிமையெல்லாம் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

1949-இல் லண்டன் சென்று, சில ஆண்டுகள் வறுமையிலே உழன்று, 1955-இல் அவர் புகழடைந்தார். 1959-இல் எழுதிய ‘சிலுவையேற்றம்’ இன்று லண்டன் டேட் காட்சிசாலையின் உடைமை. ஏறக்குறைய ஆறடி உயரமுள்ள அப்படத்திலே கிறிஸ்து கருநிறத்தவர். மெருகேறிய தசை அங்கே இல்லை. முள்முடி தலையோடு நிற்காமல் உடலெங்கும் இறங்கிவிட்டதோ என்னும்படி, தடித்த கருங்கோடுகள் மேனியைக் கிழித்துச் செல்கின்றன. இரக்கத்தை வேண்டும் முகமன்று அது. பார்ப்பவனைத் திருப்பிப் பார்த்து வினவும் முகம். இதனை வெறும் தூஷணம் என்று தள்ளுவார் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. சித்திரவதை செய்யப்பட்ட ஓர் ஏழைத் தச்சனின் உடல் அழகாயிருந்திருக்கும் என்று நம்புவதே பெரிய தூஷணம்.

1955-இல் எழுதிய ‘மிஸ்டர் செபஸ்தியான்’ இன்னும் கூரியது. அம்பு தைத்த வேதசாட்சியான செபஸ்தியாரைப் பழைய ஓவியர்கள் அரையாடையுடன் நிற்கும் வாலிப அழகனாகவே எழுதினர். சூசா அவருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டையும் மாட்டி, முகத்திலும் கழுத்திலும் அம்புகளைச் செருகினார். புனிதர் இப்போது கச்சேரிக் குமாஸ்தாவாகவும் இருக்கலாம். எய்தவரும் அவரைப் போலவே உடுத்தியவராக இருக்கலாம். பாரோக் கலைஞரிடமிருந்து கற்ற வித்தையை, அஃதாவது உடலையே பேசவைக்கும் வித்தையை, அவர்கள் பாதுகாத்த அதிகாரத்தின் மீதே திருப்பிவிட்டார்.

எனினும் குறை கூறாமல் விடுவதற்கில்லை. வேகமாகவும் ஏராளமாகவும் எழுதியவராதலின், ஒரே முகம், ஒரே பல், நெற்றிக்கு ஏறிய ஒரே கண் எனப் பல படங்கள் பழக்கத்தினாற் பிறந்தவையாகத் தோன்றுகின்றன. கறுப்பின்மேற் கறுப்பாக எழுதி 1966-இல் லண்டனிற் காட்டிய படங்கள் அச்சலிப்பினின்றும் அவர் தம்மை விடுவித்துக்கொள்ளச் செய்த முயற்சி என்று கொள்ளலாம். அவற்றை நின்று, ஒளிக்கேற்ப நகர்ந்து, பார்க்கவேண்டும். 2002-இல் பம்பாயில் அவர் காலமானார்.

மற்றொரு குறை பெரிது. 1955-ஆம் ஆண்டின் ‘பிறப்பு’ என்னும் படம் 2015-இல் நியூயார்க் ஏலத்தில் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதிலே கருவுற்ற பெண் ஆடையின்றிப் படுத்திருக்கிறாள். குருவின் அங்கி போன்ற உடையுடன் ஆண் அருகே நிற்கிறான். ஆணுக்கு உடையும் நிலையும் உண்டு. அவளுக்கு வயிறு மட்டுமே உண்டு. மகனுக்காகத் தைத்துத் தைத்துக் கண் மங்கும் தாய்மாரின் உழைப்பை நன்கறிந்த ஒருவர் எழுதிய படம் இது. சிலுவையில் தொங்கும் ஆணின் முகத்திலே எழுதிய வினாவை அவர் இப்பெண்ணின் முகத்தில் எழுதவே இல்லை.