பச்சைக் கட்டத்தை நம்பி மீன் வாங்கலாமா?

வண்ணமீன் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் கிடைக்கும் வழிகாட்டி பொருத்த அட்டவணைதான். பச்சைக் கட்டமென்றால் சேர்த்து விடலாம், மஞ்சளென்றால் யோசிக்க வேண்டும், சிவப்பென்றால் கூடாது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒரே தொட்டியில் விடுவதையும், வாஸ்து மீன் என்று விற்கப்படும் ஃபிளவர்ஹார்னுக்கு மோலியைத் துணையாக விடுவதையும் இது தடுக்கிறது. முதல் நாள் சாவுகள் பலவற்றைத் தவிர்க்க இது போதும்.

ஆனால் அட்டவணை பார்ப்பது குணத்தை மட்டும். கப்பி சாது, நியான் டெட்ராவும் சாது, ஆகவே பச்சை. தண்ணீரைப் பற்றிக் கேள்வியே இல்லை. கப்பிக்குக் கடினநீர் ஒத்துவரும். நியானோ அமேசான் படுகையின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீருக்குப் பழகிய இனம். பண்ணையில் பிறந்தவை ஓரளவு தாங்கும் என்றாலும், உப்பேறிய போர் தண்ணீரில் அவை சண்டை எதுவுமில்லாமலே வாடிப் போகும்.

வயதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. கடையில் நாணயம் அளவில் இருக்கும் ஏஞ்சல், நியானோடு அமைதியாகத்தான் நீந்தும். 15 செ.மீ. நீளத்தை நெருங்கியபின், 3 செ.மீ. நியான் அதற்கு இரை. இதில் எனக்குப் பெரிய மனக்குறை சக்கர் மீன் விஷயத்தில்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விரல் நீளக் குஞ்சை விற்கிறார்கள்; அது 30 செ.மீ.க்கு மேல் வளரும், அசைவு குறைந்த தங்கமீனின் உடல்வழுவழுப்பைச் சுரண்டித் தின்னவும் பழகும். வளர்ந்தபின் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழக நீர்நிலைகளில் அது இன்று பெருகிக் கிடக்கிறது.

எண்ணிக்கையும் குணத்தை மாற்றும். இரண்டு மூன்றாக விட்ட டைகர் பார்ப் அடுத்த மீனின் துடுப்பைக் கடிக்கும். எட்டுப் பத்தாக விட்டால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். நீண்ட துடுப்புள்ள மீன்களோடு மட்டும் அப்போதும் சேர்க்கக் கூடாது.

குளிர்நாட்டு விதிகள் சில அப்படியே இங்கு வந்துவிட்டன. தங்கமீன் குளிர்நீர் மீன், ஆகவே வெப்பமண்டல மீன்களோடு கூடாது என்பது அதில் ஒன்று. ஹீட்டர் இல்லாத சென்னைத் தொட்டியிலும் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். தங்கமீன் வேறு வழியின்றி அந்தச் சூட்டில்தான் வாழ்கிறது. சேர்க்காதே என்ற முடிவு சரி, காரணம்தான் வேறு. தங்கமீன் கழிவு அதிகம். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். அதோடு பிஎச்சும் கூடினால் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். கூட இருக்கும் மீன்களுக்கு ஆபத்து தங்கமீனின் வாயைவிட அதன் கழிவில்தான் அதிகம்.

ஆகவே தண்ணீர், முழு வளர்ச்சி, எண்ணிக்கை என்ற வரிசையில் பார்த்துவிட்டு, கடைசியாக அட்டவணையைத் திறக்கலாம். போர் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில், 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கு ஆண் கப்பிகள் மட்டுமே போதும். பெண்ணையும் சேர்த்தால் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை குஞ்சுகள் வரும். அவற்றுக்கு இடம் தேடும் வேலையும் கூடவே வரும்.