வெண்பாவும் மலையகத்து மாணவனும்

ஹல்துமுல்லையில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் சென்ற தவணையில் ஒரு கேள்வி கேட்டான்: “சேர், கேம் செய்றத ஒரு தொழிலா எடுத்துக்கலாமா?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவனுடைய தாய் காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்புபவர் என்பது நினைவுக்கு வந்தது. அத்தகைய வீட்டுப் பிள்ளை தன் ஜீவனோபாயம் பற்றிக் கேட்கும் கேள்வி வேடிக்கையன்று.

கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கியும் மோட்டார் ஓட்டமுமே நம்மில் பலருக்குத் தோன்றுகின்றன. ஒரு காலத்தில் நாவலையும் சினிமாவையும் இவ்வாறே இழிவாக எண்ணியவர் உண்டு. எந்தக் கலைவடிவமும் பிறப்பினால் உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. அது யாருடைய வாழ்வை, எந்த நோக்குடன் எடுத்துரைக்கிறது என்பதே கேள்வி. இந்த அளவுகோலைக் கொண்டு, 2023 ஜூலை 31இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டை நோக்குவோம்.

கனடாவின் டொரொண்டோ நகரில் அபி என்னும் தமிழ் இளைஞர் ‘விசை’ என்ற சிறு குழுவுடன் இதனை ஆக்கினார். வெண்பா, பாவலன் என்னும் தம்பதியர் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறுகின்றனர். கதை 1988இல் தொடங்குகிறது. அவர்களுக்குக் கவின் என்று ஒரு மகன். வெண்பாவின் கையில் அவளுடைய தாய் தந்த சமையற் குறிப்பேடு ஒன்றுண்டு; அது கிழிந்தும் எழுத்தழிந்தும் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே ஆடுபவரின் வேலை. இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதை நாமே சிந்தித்து அடுக்க வேண்டும். நாவலில் பாத்திரம் செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே நாமே செய்கிறோம். குறிப்பேட்டின் சிதைவு பண்பாட்டின் சிதைவாகிறது. அதனைச் சீர்செய்யும் உழைப்பு நம் கைக்கு வருகிறது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றுபட்ட இடம் இது. மகனோ வளர வளரத் தாயின் மொழியிலிருந்து விலகிச் செல்கிறான். சோற்றுச் சுவை எஞ்சி மொழி கழன்றுபோகும் இத்துயரம் புலம்பெயர்ந்த தமிழர் அனைவரும் அறிந்ததே. 2024இல் பிரித்தானியத் திரைக் கழகமாகிய பாஃப்டா, முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. நம் அடுப்படி உலகக் கலையின் பொருளாகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் குறையொன்றைக் கூறாமலிருக்க முடியாது. பெற்றோர் வேலைக்குப் படும் பாட்டை இவ்விளையாட்டு உரையாடலாகச் சொல்கிறது. ஆடுபவரின் கைக்குக் கொடுக்கவில்லை. நாம் அரிசியைச் சமைக்கிறோம். அந்த அரிசி எந்த உழைப்பால் வீடு வந்தது என்பதை நம் கை அறிவதில்லை. சமூகப் பிரச்சினை குடும்ப உணர்ச்சிக்குள் ஒதுங்கிவிடுகிறது.

இந்த எல்லையைக் கடக்கும் கதை நம்மிடம் இல்லையா? இங்கிருந்து வெகுதொலைவில்லாத கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி ஏது, வீடு ஏது? இதனை ஒரு விளையாட்டாக எண்ணிப் பாருங்கள். ஆடுபவர் எந்த வழியைத் தெரிந்தாலும் ‘காணி இல்லை’ என்னும் ஒரே சுவரில் முட்டுவார். நூறு மேடைப்பேச்சு உணர்த்தாததை அந்த விதியொன்றே உணர்த்தும். அதனை எழுத வல்லவர் அந்த மண்ணின் பிள்ளைகளே.

ஆனால் கலை வேறு, அதை விற்கும் தொழில் வேறு. இதை மாணவனிடம் மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசொஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் ஏறத்தாழ 1,900 பேரையும், யூனிட்டி நிறுவனம் ஏறத்தாழ 1,800 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. ஸ்டீம் என்னும் இணையச் சந்தை, ஒரு விளையாட்டைக் கடைக்குக் கொண்டுவர 100 டொலர் கேட்கிறது. விற்பனையிலும் பொதுவாக 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கொழுந்தின் நிறையைத் தோட்டம் கழிப்பதை அறிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. அமெரிக்காவில் இத்தொழிலாளர் சிலர் விழித்துக்கொண்டனர்; ரேவன் நிறுவனத்தின் சோதனையாளர்கள் 2022இல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். திறமை உள்ளவனுக்குச் சங்கம் எதற்கு என்போருக்கு இதுவே விடை.

ஆகவே அந்த மாணவனுக்கு நான் கூறியது இது. படிப்பை விடாதே. கணிதமும் ஆங்கிலமும் நிரலாக்கமும் படி. விளையாட்டுத் தொழில் கைவிட்டாலும் அவை கைவிடமாட்டா. கருவிக்குப் பணமில்லை என்று தயங்காதே. கோடோ, பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசம், அவற்றின் மூலநிரலும் எவருக்கும் திறந்தது. பெரிய கனவை ஒத்திவைத்துப் பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கும் சிறியதொன்றைச் செய்து முடி. வேலை தருபவர் சான்றிதழோடு முடிந்த வேலையையும் கேட்பார்.

தனியாகவும் செய்யாதே என்றேன். காமன் கூத்தை ஒருவரா ஆடுகிறார்? தப்படிப்பவர், பாடுபவர், வேடமிடுபவர், பந்தல் போடுபவர் எல்லோரும் சேர்ந்தே கூத்தாகிறது. இதுவும் அவ்வாறே: நிரல் எழுத ஒருவர், படம் வரைய ஒருவர், இசைக்க ஒருவர், கதை சொல்ல ஒருவர்.

இப்போது அவர்கள் நால்வர். பாடசாலை முடிந்தபின் கணினி அறையைத் திறந்துவைக்க அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அவர்கள் தெரிந்துகொண்ட கதை, மழைநாளில் கொழுந்துச் சாக்கைச் சுமந்து தராசடிக்கு இறங்கும் ஒரு பெண்ணுடையது. பாதை வழுக்கும், நேரம் போகும், தராசில் நிறை குறையும். அன்று சிரித்த வகுப்பு, இன்று அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பதென்று வாதாடிக்கொண்டிருக்கிறது.