முத்து முத்தாய் நிற்கும் தண்ணீர் எதை நிரூபிக்கிறது?

காருக்கு சீலன்ட் போடும் முன் பழைய வாக்ஸை எடுக்க வேண்டும். அதற்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். பெயின்ட் மேல் தண்ணீர் முத்து முத்தாய் நிற்பது நின்றுவிட்டால் வாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தம். கார் பராமரிப்பு வீடியோ எதைத் திறந்தாலும் இந்த மூன்றும் வரும். முதலாவதோடு எனக்குச் சண்டை இல்லை. வாக்ஸ் வழுக்கும் பரப்பு, அதன் மேல் எதுவும் சரியாக ஒட்டாது. சீலன்ட் பெயின்ட்டைப் பிடிக்காமல் வாக்ஸைப் பிடித்தால், வாக்ஸ் கழலும் நாளில் அதுவும் சேர்ந்து கழலும். மற்ற இரண்டும்தான் பிரச்சனை. லிக்விட் வேலை செய்ததற்கு முத்து மறைவது சாட்சியாம். அந்த முத்தை மறையவைப்பதே லிக்விட்தான்!

வாக்ஸ் என்று விற்கப்படுவதில் பெயர்பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. நம்ம தீவுப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். உருகவே 80 டிகிரிக்கு மேல் வேண்டும். டப்பாவில் எண்ணெயும் கரைப்பானும் கலந்திருப்பதால்தான் தடவ வருகிறது. அவை ஆவியான பின் மிஞ்சுவது கெட்டியான மெழுகு. பாத்திர லிக்விட் மீன் குழம்புச் சட்டிக்கானது. இளகிய கொழுப்பைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பும். மாதா கெபி முன்னால் தரையில் சொட்டி உறைந்த மெழுகுவர்த்தியை சோப்புத் தண்ணீரால் கழுவிப் பாருங்கள். கடைசியில் கத்திதான் எடுக்க வேண்டியிருக்கும்.

பின்னே முத்து ஏன் மறைகிறது? சோப்பின் வேலையே தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பது. சரியாக அலசாத லிக்விட் மெல்லிய படலமாய் மிஞ்சினால், அடியில் வாக்ஸ் இருந்தாலும் தண்ணீர் பாய் விரித்தாற்போலப் படரும். தூசியும் உப்பும் படிந்தாலும் அப்படித்தான். தலைகீழாகவும் ஏமாறலாம்: வாக்ஸே இல்லாத பெயின்ட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் முத்து நிற்கும். ஆக அந்தச் சோதனை, மேல்பரப்பில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது, ஆனால் டெஸ்டே தப்பான இடத்தைப் பார்க்கிறது. மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய வியாதி.

வாக்ஸ் போட்டு சில வாரமான என் கார் பானட்டை மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் பாத்திர லிக்விட், ஒன்றில் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒன்றில் மென்மையான பாலிஷ் போட்டு அதன் பிறகு ஆல்கஹால். உடனே பார்த்தால் மூன்றிலும் முத்து இல்லை. நன்றாக அலசி இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றியபோது லிக்விட் பகுதியில் முத்து திரும்பிவிட்டது. ஆல்கஹால் பகுதியில் அரைகுறை. பாலிஷ் பகுதியில் இல்லவே இல்லை. ஒரே ஒரு கார், ஒரே ஒரு வாக்ஸ், அவ்வளவுதான் இதன் எடை. ஆனாலும் வேதியியல் சொல்வதோடு ஒத்துப்போகிறது: ஆல்கஹால் பாலிஷ் எண்ணெயைத் துடைக்கும், கார்னோபாவைச் சரியாகக் கரைக்காது. தேய்த்து எடுப்பதே உறுதி. அதற்கும் கணக்கு உண்டு. மேல் கிளியர்கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்னும். வருஷா வருஷம் 'சுத்தமா எடுக்கிறேன்' என்று தேய்ப்பவர் கடைசியில் பெயின்ட்டையே எடுப்பார். தின்னரைத் தொடவே வேண்டாம், ரீபெயின்ட் செய்த வண்டி என்றால் இன்னும் மோசம்.

இதே வேலையைப் பெரிதாகச் செய்பவர்கள் அக்காள்மடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு என்று எல்லோரும் எழுதினார்கள். பூச்சின் பெயர்தான் செய்தியானது. அடியில் இரும்பை எப்படித் தயார் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடலோர இரும்பு வேலையில் மணல்வீச்சால் பரப்பைச் சுத்தம் செய்து அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு மிஞ்சியிருக்கிறதா என்று ஒரு சிறு பட்டையை ஒட்டி, உள்ளே நீர் செலுத்தி, அந்த நீரின் மின்கடத்துதிறனை அளப்பார்கள். தண்ணீர் ஊற்றி அழகு பார்ப்பதில்லை. (உலகிலேயே இரண்டாவது அரிப்பு மிகுந்த இடம் பாம்பன் என்ற வாக்கியமும் இதே ரகம். ஐஎஸ்ஓ 9223 அரிப்பை C1 முதல் CX வரை வகைப்படுத்துகிறது, ஊர்களுக்கு ரேங்க் போடுவதில்லை.)

நம்ம பக்கத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: உப்புக்காற்றுக்காக வண்டி அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிப்பது. அது பாடியில் தெறித்திருந்தால் வாக்ஸுக்கு முன்னால் அதைத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி உப்பையும் தனுஷ்கோடி மணலையும் போக்க வேண்டும், துணி படுவதற்கு முன். மணலோடு தேய்த்தால் கோடு விழும். சீலன்ட் அந்தக் கோட்டைக் காப்பாற்றி வைக்கும்.

வீடியோக்கள் சொல்லாமல் விடுவது ஒன்று பாக்கி. கடலோரத்தில் கார் துருப்பிடிப்பது பளபளக்கும் பானட்டில் தொடங்குவதில்லை. கதவின் அடி மடிப்பு, சக்கர வளைவு, கல் பட்டுப் பெயின்ட் உடைந்த புள்ளி, சேஸிஸ், இங்கேதான் தொடங்குகிறது. வாக்ஸும் சீலன்ட்டும் அங்கே போவதே இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து மேலே பூச்சு போட்டவர்களிடம், கதவு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைந்திருக்கிறதா என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு ஈர்க்குச்சி போதும், குத்திப் பார்க்கலாம்.