விற்கப்படும் ஐயமும் நேர்மையான ஐயமும்

நயோமி ஒரெஸ்கஸ், எரிக் கான்வே என்னும் அறிவியல் வரலாற்றாசிரியர் இருவர் 2010இல் வெளியிட்ட ‘மெர்ச்சன்ட்ஸ் ஆஃப் டவுட்’ என்னும் ஆங்கில நூல், சுற்றுச்சூழல் அறிவியலின்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கை எவ்வாறு குலைக்கப்பட்டது என்பதை ஆவணங்கள் வாயிலாக நிறுவுகிறது. புகையிலையின் தீங்கை மறைக்கக் கையாண்ட உத்தியே பின்னர் அமில மழை, ஓசோன் சிதைவு, புவி வெப்பமடைதல் ஆகியவற்றிலும் கையாளப்பட்டது. உண்மையை மறுக்க வேண்டுவதில்லை. ‘இன்னும் ஐயம் உண்டு’ என்று சொல்லிக்கொண்டிருந்தாலே நடவடிக்கை தள்ளிப்போகும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் தலைவராயிருந்த ஃபிரெடரிக் சைட்ஸ், பின்னாளில் புகையிலை நிறுவனமொன்றின் ஆய்வு நிதித் திட்டத்தை நடத்தினார்; புவி வெப்பமடைதலையும் ஐயுற்றார்.

இவ்வரலாறு மறுக்கவொண்ணாதது. ஆயினும், வல்லுநரின் ஒருமித்த கருத்தை நம்புக என்னும் நூலின் முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை. நம்பிக்கை குலைவதற்கு வெளிப்பகைவர் மட்டுமே காரணர் அல்லர். இமயப் பனியாறுகள் 2035க்குள் மறையக்கூடும் எனப் பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2007இல் தக்க சான்றின்றி எழுதியது. அப்பனியாறுகள் அசாதாரணமாகத் தேய்வதற்குச் சான்றில்லை என 2009இல் இந்திய நிலவியலாளர் வி. கே. ரைனா எழுதியபோது, குழுவின் தலைவர் அதனை இகழ்ந்தொதுக்கினார். 2010 ஜனவரியில் குழு தன் பிழையைக் குறித்து வருத்தம் தெரிவித்தது. பனியாறுகள் உருகிவருவது மெய்யே. குறித்த ஆண்டே பிழை. ஆனால் கேள்வியை இகழ்ந்ததனால் நேர்ந்த இழப்பு அப்பிழையினும் பெரிது.

வணிகரின் ஐயம் சான்று பெற்றபின்னும் ஓய்வதில்லை. ஒரு பொருளை விட்டு மற்றொன்றைப் பற்றும். நேர்மையான ஐயமோ சான்றுக்கு அடங்கும். இவ்வேறுபாட்டுக்குரிய சான்றுகள் நூலிலேயே நிறைந்திருந்தும், ஆசிரியர்கள் அதனை அளவுகோலாக்கவில்லை. அருளுரைப் பீடத்தில் இப்பொருளைப் பேசும் நாம் அவ்வளவுகோலைக் கைக்கொள்வோமாக.