அஞ்சலட்டையில் வந்த அறிவியல்

ஆய்வறிஞர் கண்ட உண்மையைப் பொதுமக்கள் உணரச் சொல்லும் வழி யாது? இவ்வினாவுக்கு நாம் வாழும் புனே நகரிலேயே விடை உண்டு. இங்கு 1988-இல் நிறுவப்பெற்ற அயூக்கா வானியல் மையத்தின் முதல் இயக்குநர், 2025-இல் மறைந்த ஜயந்த் விஷ்ணு நார்லீகர்.

1974-இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய அறிவியற் சிறுகதைப் போட்டிக்கு, 'கிருஷ்ண விவர்', அதாவது கருந்துளை, என்னும் கதையை அவர் அனுப்பினார். தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி 'நாராயண் விநாயக் ஜகதாப்' எனப் புனைபெயர் பூண்டார். முதற்பரிசு கிடைத்தது, புகழின் துணையின்றிக் கதை தன் வலிமையால் வென்றது.

எனினும், கதையினும் அவருடைய அஞ்சலட்டை முறையையே நாம் உயர்வாக மதிக்கிறோம். கையொப்பம் கேட்ட சிறுவர்களை, அஞ்சலட்டையில் வினா ஒன்று எழுதி அனுப்பப் பணித்தார். விடையெழுதிக் கையொப்பமும் இட்டனுப்பினார். கதை படிப்பவன் கேட்டு மகிழ்வான். அட்டை எழுதுபவனோ தானே சிந்திக்கத் தொடங்குகிறான்.

தமிழில் பல்லாண்டு அறிவியல் எழுதிய பெ.நா. அப்புசாமி வழக்கறிஞர். அவர் தொண்டு பெரிது. ஆயினும், ஆய்வில் நேரும் ஐயத்தையும் பிழையையும் ஆய்வாளரே தம் வாயால் சொல்வது தனிச்சிறப்புடையது.

நம் குடும்பங்களிலும் ஆய்வுக்கூடங்களில் பணிபுரிவோர் உளர். கருந்துளை யாதென நம் குழந்தை ஒன்று தமிழில் வினவினால், தமிழிலேயே விடை பகர அவர்கள் முன்வரல் வேண்டும். இன்றேல், அக்குழந்தை நாளடைவில் தமிழில் வினவுவதையே விட்டுவிடும்.